கரட் விலையும் என் கத்தரிப் பூவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரக்கறி விலை ஏறும்போதெல்லாம் பத்திரிகைகளில் வீட்டுத்தோட்டம் முளைத்துவிடுகிறது. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாய்க்குப் போனபோது எத்தனை கட்டுரைகள், எத்தனை வானொலிப் பேச்சுகள்! வீட்டுக்கு வீடு தோட்டம் செய்யுங்கள், செலவைக் குறையுங்கள், நஞ்சில்லாத மரக்கறியை உண்ணுங்கள் என்றார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால், கரட் கொழும்பு வெக்கையில் விளையுமா என்று எவரும் ஒரு வரி எழுதக் காணோம். அதற்கு நுவரெலியாக் குளிர் வேண்டும். வெள்ளவத்தையில் கரட் விதை போட்டால் இலை வரும். கிழங்கு பேருக்குத்தான் இருக்கும்.

அந்தக் கட்டுரைகளோடு சண்டை பிடிப்பது என் நோக்கமில்லை. அவற்றில் எப்போதும் ஒன்று விடுபட்டுப்போகிறது. அதை யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்து அலுத்துப்போய் நானே எழுதுகிறேன். தோட்டம் செய்வது சந்தோஷமான காரியம். பூவும் மூலிகையும் மரக்கறியும் கலந்து நிற்கிற ஒரு துண்டு நிலத்தில், சித்திரை மாதக் காலையில், கையில் தேநீர்க் கோப்பையோடு நடப்பதைவிட எனக்கு வேறு கேளிக்கை கிடையாது. மிச்சப்பட்ட ரூபாயைக் கணக்குப் பார்த்தால் அந்த நடையின் பெறுமதி எந்தப் பத்தியிலும் வராது.

கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கணக்குப் பார்க்கத் தெரியாதவள் அல்ல. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த ஆண்டு முடியுமுன் தடையைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது. 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்ததும் நினைவிருக்கும். அப்போது எங்கள் ஒழுங்கையில் மொட்டைமாடிகளிலும் பல்கனிகளிலும் உரப்பைகள் வரிசையாக ஏறின. எல்லாவற்றிலும் கத்தரி, மிளகாய், தக்காளி. ஒரு பூச்செடி? மருந்துக்குக்கூட இல்லை. பூவை யார் தின்பது என்று கேட்டார்கள். சந்தையில் விலை கொஞ்சம் இறங்கியதும் அந்த உரப்பைகள் ஒவ்வொன்றாக இறங்கி, குப்பை வண்டியில் ஏறிப் போய்விட்டன. நெருக்கடிக்கு நட்டவர்களுக்கு நெருக்கடி தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அந்த வரிசையில் ஒரே ஒரு மல்லிகை இருந்திருந்தால், அதன் வாசத்துக்காகவாவது அந்த வீட்டுக்காரர் பின்னேரத்தில் ஒரு தடவை மாடிக்கு ஏறியிருப்பார். ஏறியவர் பக்கத்தில் வாடி நிற்கும் கத்தரிக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் வந்திருக்க மாட்டார்.

என் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் என்று சொன்னால் கறுவாத்தோட்டத்துப் பங்களாக்காரர்கள் சிரிப்பார்கள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், இன்னும் விற்காமல் பிடித்துவைத்திருக்கும் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. வீட்டுக்கும் தெற்கு மதிலுக்கும் இடையே நீளமாக ஒரு துண்டு நிலம். இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம்; மூன்றாவது ஆள் வந்தால் மதிலோடு ஒட்ட வேண்டும். மதிலுக்கு அப்பால் ஆறு மாடித் தொடர்மாடி.

அந்தக் கட்டடம் எழும்பியபோது என் தோட்டம் முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். முடியவில்லை, அதற்கு ஒரு பருவம் கிடைத்தது. மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், உச்சி வேளையிலும் அந்த ஆறு மாடியின் நிழல் என் துண்டு நிலத்தைக் கடந்து கூரையில் ஏறிக் கிடக்கும். அந்த மாதங்களில் ரம்பையும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் போதும் என்று இருந்துவிடுவேன். அவை நிழலுக்கு முகம் சுளிக்காத சாதி. மாசியில் நிழல் கூரையைவிட்டு இறங்கும். பங்குனியில் பகலும் இரவும் சரிசமமாகும் நாட்களில் மதிலோரமாக ஓர் எட்டு அகலத்துக்குச் சுருங்கிவிடும். ஏப்ரல் பிறந்ததும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அந்த வழக்கமான அறிவித்தல் உங்கள் பத்திரிகையிலும் வரும்: 5ஆம் திகதி தொடக்கம் இலங்கையின் அகலாங்குகளுக்கு நேராகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று. வாசகர்கள் அதைப் படித்து, விசிறியைத் தேடுவார்கள். எனக்கு அது நல்ல சேதி. கொழும்புக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏறக்குறைய ஏப்ரல் 7ஆம் திகதி. அன்று நண்பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் ஆறு மாடிக் கட்டடத்துக்கு நிழலே கிடையாது. மதிலின் அடிவரை வெயில் விழும். அதன் பிறகு சூரியன் வடக்கே போய், எங்கள் வீட்டுத் தாழ்ந்த கூரைக்கு மேலாக எட்டிப் பார்ப்பதால், ஆவணி முடியும்வரை வெயிலுக்குப் பஞ்சமில்லை. இளவேனில் சித்திரையிலும் வைகாசியிலும் என்று நம்முடைய ஆறு பருவக் கணக்கு சொல்கிறது. கொழும்பில் பருவமே இல்லை, எப்போதும் ஒரே புழுக்கம் என்பவர்கள் என் மதிலோரத்தில் வந்து நிற்கட்டும்.

இனி, அங்கே என்ன நிற்கிறது என்பது. பாத்தி பிரித்து, இது மரக்கறி, இது பூ, இது மூலிகை என்று நான் வைக்கவில்லை. அப்படி வைக்கச் சொல்லி அறிவுரை கூறியவர்கள் உண்டு, கேட்டுக்கொண்டேன். கத்தரிக்குப் பக்கத்தில் துளசி. துளசிக்குக் காலடியில் செண்டுப்பூ, எங்கள் சிங்கள அயலவர் தாஸ்பெத்தியா என்று அழைக்கும் அதே மஞ்சள் பூ. வெண்டிக்கும் பச்சைமிளகாய்க்கும் இடையில் நித்தியகல்யாணி தானாக முளைத்தது; பிடுங்க மனம் வரவில்லை. மதிலில் ஒரு பக்கம் சங்குப்பூக் கொடி, மறுபக்கம் பயிற்றை. மூலையில் கறிவேப்பிலை, கிணறு மூடிய இடத்தில் செவ்வரத்தை, குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் ரம்பை. சாடிகளில் கற்பூரவள்ளி, புதினா, ஒரு குட்டை மாதுளை. வாசல் பந்தலில் புடல். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. வாழைக்குப் போகும் வாய்க்காலில் கனகாம்பரமும் நனையும், கத்தரியும் நனையும், யாரும் பாகம் பிரித்ததில்லை. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களிலும் பலாவுக்குக் கீழே மிளகு, மிளகுக்குக் கீழே இஞ்சி என்று அடுக்கடுக்காகக் கலந்துதான் நிற்கும்.

கலந்து நடுவது அழகுக்காக மட்டுமா என்றால், இல்லை; இதற்குள் ஒரு வேலை நடக்கிறது. கத்தரிப் பூவைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஊதா நிறத்தில் ஒரு நட்சத்திரம். நடுவில் தடித்த மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். மற்றப் பூக்களில் மகரந்தம் வெளியே பூசிக் கிடக்கும். கத்தரியில் அது பைக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது. பையின் நுனியில் ஊசித் துளை மட்டும் உண்டு. காலை எட்டு மணியளவில் கருவண்டு ஒன்று வரும். பெருவிரல் மொத்தம், பளபளப்பான கறுப்பு, வெயில் பட்டால் சிறகு நீலமாக மின்னும். அது பூவின் அடியில் தொங்கி, கால்களால் கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பூ அந்தப் பாரத்தில் தலை குனியும். அப்போது சிறகை அசைக்காமலே உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் ஒன்று, இப்போது கேட்பது வேறொன்று. சுருதி சட்டென்று ஏறிவிடும். அந்த அதிர்ச்சியில் ஊசித் துளைகள் வழியே மகரந்தம் பொலபொலவென்று வண்டின் வயிற்றில் கொட்டும். இரண்டு மூன்று விநாடிதான். பிறகு அடுத்த பூ. அடுத்த பூவிலும் அதே சுருதி. தக்காளிப் பூவிலும் இப்படித்தான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும் கொடுக்கிற வீட்டுக்கு வண்டு எத்தனை நாள் வரும்? அதற்குத் தாகம் தீர வேறு பூ வேண்டும். பயிற்றம் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். அங்கே முதலில் போகிறது. துளசிக் கதிருக்குப் போகிறது. அங்கிருந்து கத்தரிக்கு வருகிறது. தனிக் கத்தரி உரப்பையை ஐந்தாம் மாடி பல்கனியில் வைத்துவிட்டு, பூக்கிறது, உதிர்கிறது, காய் பிடிக்கவில்லை என்று தொலைபேசியில் என்னிடம் முறையிடுகிற உறவினர்களுக்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு துளசியை வையுங்கள், கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். வண்டு அந்த உயரத்துக்கு வராவிட்டால், பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். செண்டுப்பூவின் வேரும் சும்மா இருப்பதில்லை. தக்காளி வேரில் முடிச்சு விழச்செய்யும் நூற்புழுக்களை அது அடக்கும் என்று விவசாயப் புத்தகங்களே சொல்கின்றன. நான் அதை நடுவது அதன் நிறத்துக்காக. வேர் செய்யும் உபகாரத்தை வேண்டாம் என்று சொல்வேனா?

கத்தரி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி இனங்களில் ‘தின்னவேலி ஊதா’ என்று ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயர்தான். நீளக் காய், கருநீல நிறம், பொரித்த குழம்புக்கு அதற்கு நிகர் இல்லை. கொழும்பு மண்ணிலும் அது கோபித்துக்கொள்ளாமல் காய்க்கிறது. கடற்காற்று மட்டும்தான் அதற்குப் பிடிக்காது. வைகாசி பிறந்து சோளகம் எழுந்துவிட்டால் மரைன் டிரைவ் பக்கமிருந்து உப்புக்காற்று ஒழுங்கை வழியே நேரே வந்து இலை ஓரங்களைக் கருக்கிவிடும். ஆகவேதான் சித்திரை எனக்கு இவ்வளவு அருமை. வெயில் வந்துவிட்டது, உப்பு இன்னும் வரவில்லை.

ஒருநாள் என் பேரன் தோட்டத்திலிருந்து கூவினான்: “அம்மம்மா, வெண்டியில் செவ்வரத்தை பூத்திருக்கிறது!” பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறான். வெண்டியும் செவ்வரத்தையும் ஒரே குடும்பம். வெண்டிப் பூ இளமஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு வட்டம், நடுவில் செவ்வரத்தைக்கு இருப்பது போலவே நீட்டிய தண்டு. பூக்கடையில் வைத்தால் காசு கொடுத்து வாங்குவார்கள். காலையில் விரியும், மாலைக்குள் சுருங்கும், ஒரு நாள் வாழ்வு. ஐந்தாறு நாளில் காய் முற்றத் தொடங்கிவிடும், அதற்குள் பறித்துவிட வேண்டும். காய்க்காகப் பயிர் செய்கிறவர் அந்தப் பூவை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மரக்கறி என்று பெயர் வைத்துவிட்டோம் அல்லவா, அதற்கு அழகு எதற்கு?

நாள் முழுவதும் ஏதாவது ஒன்று விரிந்துகொண்டே இருக்கும்படி நட்டுவைத்தது என் ஓய்வுக்காலத்தின் சொகுசு. விடியலில் பயிற்றம் பூ, கொஞ்சம் வெயில் ஏறியதும் வெண்டி. சாடியில் படர்ந்திருக்கும் பத்துமணிப் பூ பெயருக்கு ஏற்றபடி வெயில் சுட்டால்தான் கண் திறக்கும். மழைமூட்டமான நாளில் திறக்கவே திறக்காது. பிற்பகல் நாலு மணியளவில் அந்திமந்தாரை. அதைப் பார்த்துத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். சுவர்க் கடிகாரத்தின் பற்றரி தீர்ந்து மாதக்கணக்காகிறது. பொழுது சாயும்போது மல்லிகை. சித்திரை மல்லிகையைப் பற்றித் தமிழர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இருட்டியபின் புடலம் பூ.

புடலம் பூவை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பகலில் பார்த்தால் சுருட்டி வைத்த பஞ்சுத்துண்டு, யாரும் மதிக்க மாட்டார்கள். இருள் விழுந்ததும் ஐந்து வெள்ளை இதழ்களும் விரியும். இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, பின்னல் வேலை தெரிந்த கைக்காரி சரிகை பின்னியதைப் போல ஆகிவிடும். இராப்பூச்சிகளை அழைக்கத்தான் அந்த வெள்ளையும் அந்த அலங்காரமும். மின்சாரம் நின்றுபோன 2022ஆம் ஆண்டு இரவுகளில் தொடர்மாடிப் பிள்ளைகள் மதிலுக்கு மேலாகக் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்து அதைப் பார்த்தார்கள். காய் நீண்டதும் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் வளையாமல் வளரும் என்று அவர்களுக்குச் சொன்னேன். அடுத்த நாளே ஒருவன் கல்லோடு வந்து நின்றான். கட்டுவதற்கு அப்போது காய்தான் இல்லை.

சித்திரை வெயிலுக்குக் கூலி சித்திரை மழை. பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று வானொலி சொல்லும். அந்த மாதத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மழை விட்டதும் மதிலில் ஆபிரிக்க நத்தைகள் ஏறும். 1900ஆம் ஆண்டளவில் யாரோ இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த பிராணி. அவர் எந்த நோக்கத்தோடு கொண்டுவந்தாரோ, ஒரே இரவில் என் செண்டுப்பூ நாற்று அனைத்தையும் மொட்டையடிப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் துணை செண்பகம். செம்மண் நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாய் அது மதிலோரத்தில் பெரிய மனிதர் நடையில் நடந்து வந்து, நத்தையைக் கவ்விக்கொண்டு போய்விடும். செண்பகம் வருகிற தோட்டத்தில் நத்தை மருந்து போடாதீர்கள். நத்தையோடு அதுவும் போய்விடும்.

கறிவேப்பிலையில் வருகிற புழுவைப் பற்றியும் பல பேர் கேட்கிறார்கள். இளம் புழு காக்கை எச்சம் என்றே தோன்றும், அதுதான் அதன் தந்திரம். வளர்ந்ததும் பச்சையாகி, தலைக்குப் பின்னால் பொய்க் கண் வரைந்துகொண்டு நிற்கும். சீண்டினால் கழுத்திலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும்; நாற்றம் குடலைப் பிரட்டும். பேரனுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. கறிக்கு எனக்குத் தினம் ஓரிரு நெட்டு இலை போதும். மீதியைப் புழு தின்னட்டும். கறுப்பில் வெள்ளை வரிசை போட்ட அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் காலி வீதியின் பஸ் புகையைத் தாண்டி எங்கிருந்து என் வீட்டைக் கண்டுபிடிக்கின்றன என்று அயலவர் வியக்கிறார்கள். அவை எங்கிருந்தும் வரவில்லை, என் கறிவேப்பிலையில் பிறந்தவை.

சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் காய்ச்சும்போதும் இந்தக் கலப்பு நினைவுக்கு வரும். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள்: தாமரைப்பூ, தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால். பூ, மூலிகை, பந்தல் கொடி, சமையலறைச் சரக்கு, எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கின்றன. அதை எழுதிவைத்தவர்களின் வளவில் மரக்கறிக்கு ஒரு வேலியும் பூவுக்கு ஒரு வேலியும் இருந்திருக்காது. எங்கள் வீட்டு மாதுளம்பூவும் துளசியும் அறுகும் ஆண்டுதோறும் கோயிலுக்குப் போகும். அதே கிழமை மதிலுக்கு மேலாகப் பலகாரப் போக்குவரத்தும் நடக்கும். மேற்குப் பக்கத்துச் சிங்கள அக்கா கொக்கிஸும் கவுமும் தருவார். பயற்றம் பணியாரம் போகும். தட்டு ஒருபோதும் வெறுமனே திரும்பாது. பணியாரம் தீர்ந்த நாட்களில் ஒரு பிடி வல்லாரையோ, வேரோடு ஒரு ரம்பைக் கன்றோ அதில் இருக்கும். ஒழுங்கை முனையிலிருக்கும் முஸ்லிம் வீட்டுக்காரருக்கு நோன்புக் கஞ்சிக்கு ரம்பை எங்களிடமிருந்துதான். அவர் தந்த புதினாதான் இன்றைக்கும் என் சாடியில் தழைக்கிறது.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவே ஒரு மனக்குறையையும் எழுத வேண்டியிருக்கிறது. என் மகள் பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறாள். பல்கனியில் கறிவேப்பிலை, துளசி, மிளகாய், ஒரு மல்லிகை, இவ்வளவுதான். நிர்வாகக் குழு துண்டறிக்கை அனுப்பியது: டெங்கு அபாயம் காரணமாகச் சாடிகள் அனைத்தையும் அகற்றவும். டெங்குவை நான் விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள், 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எங்கள் ஒழுங்கையிலும் வைத்தியசாலைக்குப் போகாத வீடு குறைவு. ஆனால், நுளம்பு பெருகுவது மண்ணிலா, தேங்கிய தண்ணீரிலா? சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுத்தான் குற்றவாளி. தட்டை எடுத்துவிடுங்கள்; எடுக்க முடியாவிட்டால் மணலால் நிரப்புங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமைக்கு மேல் தேவைப்படுகிறது. ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது.

எங்கள் வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இளம் பிள்ளை. “அம்மா, சாடிக்குக் கீழே தட்டு வைக்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்த்தார், போகும்போது ஒரு கற்பூரவள்ளித் தண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தொழில் தெரிந்தவர். மகளின் தொடர்மாடியிலோ, பல்கனித் துளசி அகற்றப்பட்டது. மொட்டைமாடியில் உடைந்த கொமட்டும் பெயின்ற் வாளிகளும் மழைத் தண்ணீரோடு அப்படியே இருக்கின்றன. செடியைக் கண்டால் குப்பை என்று நினைக்கும் கண், குப்பையைக் கண்டால் தளபாடம் என்று நினைக்கிறதோ தெரியவில்லை. நிர்வாகக் குழுக்களில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்தால், தட்டுக்குத் தடை போடுங்கள், செடிக்கு வேண்டாம்.

பல்கனிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. உங்களுக்கு நிலமில்லை என்பது உண்மை. ஆனால் கலந்து நடுவதற்கு நிலம் அவசியமில்லை. அகலமான ஒரு சாடி, பாதி மண், பாதி தும்புத்தூளும் கூட்டுப்பசளையும். நடுவில் ஒரு மிளகாய், பக்கத்தில் ஒரு துளசி, ஓரத்தில் பத்துமணிப் பூவைத் தொங்கவிடுங்கள். பொன்னாங்கண்ணியைச் சந்தையில் வாங்கி, இலையை வறைக்கு ஆய்ந்த பிறகு தண்டை எறியாமல் அதே மண்ணில் குத்தினால் தழைத்துவிடும். காலை வெயில் நாலு மணி நேரம் விழுந்தால் போதும். வெயில் எங்கே எப்போது விழுகிறது என்று நடுவதற்கு முன் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளை எவரும் செலவழிப்பதில்லை. செடி சாகும்போது மட்டும் கைராசி இல்லை என்கிறார்கள். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

ஆசிரியர் அவர்களே, இறுதியாகத் தங்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு இதழில் மணமகன் தேவை, மணமகள் தேவை என்று பக்கக்கணக்கில் விளம்பரம் வருகிறது. வீடு விற்பனைக்கு, காணி விற்பனைக்கு, அதுவும் வருகிறது. அந்த மூலையில் ஒரு சாண் இடத்தை விதைக்கும் தண்டுக்கும் ஒதுக்கித் தரக்கூடாதா? எவரிடம் என்ன விதை இருக்கிறது, எவருக்கு என்ன தேவை என்று வாசகர் எழுதட்டும். பணம் வேண்டாம், தரகர் வேண்டாம், சாதகப் பொருத்தமும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பொதி விதையில் பல கலப்பினம். அதிலிருந்து எடுக்கும் விதை அடுத்த தலைமுறையில் தாயைப் போல் வருவதில்லை. பாட்டி காலத்துப் பயிற்றையும் நாட்டுக் கத்தரியும் எவருடைய வளவிலாவது ஒளிந்திருந்தால், அவற்றை வெளியே கொண்டுவரத் தங்கள் பத்திரிகையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் கரட் விலையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கட்டும்.

முதலாவது விளம்பரத்தை இத்துடன் அனுப்புகிறேன், பிரசுரித்தால் மகிழ்வேன்.

விதை உண்டு: வெண்டி, நீட்டுப் பயிற்றை, நீலச் சங்குப்பூ, செண்டுப்பூ, தின்னவேலிக் கத்தரி. ரம்பைக் கன்றும் கற்பூரவள்ளித் தண்டும் நேரில் வந்தால் மட்டும். தேவை: கொழும்பு வெக்கையில் மருக்கொழுந்தைத் தழைக்கவைத்த எவரிடமிருந்தாவது ஒரு தண்டும், எப்படிச் செய்தார் என்ற விபரமும். பத்திரிகைக் காரியாலயத்தின் மூலம் தொடர்புகொள்ளவும்.

இங்ஙனம்,
கடிதப் பகுதியை முதலில் படிக்கும் ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.